உறைபனியில் ஒரு பஞ்சர்

சைக்கிள் பஞ்சராகிவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், நாம் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. "அடுத்த திருப்பத்தில் கடை இருக்கும், தள்ளிக்கொண்டு போ" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றக்கூட மாட்டார். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் நெம்பி, டியூபை வெளியே இழுத்துக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்குவார். குமிழி வரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்றே உலர்ந்ததும் ஒட்டுத்துண்டை வைத்துத் தட்டுவார். கால் மணி நேரத்தில் நாம் வீடு திரும்பிவிடலாம்.

அன்பிற்குரிய வாசகரே, இதே வேலையை மைனஸ் 26 டிகிரிக் குளிரில், இரவு பதினொரு மணிக்கு, ஆள் நடமாட்டமற்ற சாலையோரத்தில், நீங்களே செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் ஊற்றிய தண்ணீர் உறையத் தொடங்கும். தடவிய சொல்யூஷன் உலராது. ரப்பர் வளைய மறுக்கும். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். கழற்றாவிட்டால் வால்வின் மூடியைக்கூடத் திருக முடியாது. கால் மணி நேர வேலை கையையே பறித்துவிடக்கூடிய வேலையாக மாறிவிடுகிறது.

இதை நான் கற்பனையாக எழுதவில்லை. கடந்த குளிர்காலத்தில் என் பழைய மாணவர் ஒருவருக்கு நேர்ந்தது இது. சிறு வயதில் என்னிடம் ஓதியவர். இப்போது ஃபின்லாந்து நாட்டின் ஊலு நகரப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறார். சம்பவம் நடந்து இரண்டு நாள் கழித்து அவருடைய தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஹஜ்ரத், நீங்க சொன்னா அவன் கேப்பான். அந்தச் சைக்கிளை வித்துப்போடச் சொல்லுங்க. விரலு நுனியெல்லாம் வெளுத்துப்போய் போட்டோ அனுப்பிருக்கான். வாப்பா இல்லாத புள்ள..." என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நிறுத்திவிட்டார்.

ஒரு தாய் இப்படிக் கேட்கும்போது, "சரி, சொல்கிறேன்" என்பதே எளிய பதில். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் மாணவரை அழைத்துப் பேசிய பிறகு, அந்தப் பதிலில் அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றியது.

ஊலு நகரம் பொத்னியா வளைகுடாவின் கரையில், ஏறத்தாழ 65 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மக்கள் தொகை இரண்டு லட்சத்துக்கும் அதிகம். டிசம்பரின் மிகக் குறுகிய நாளில் அங்கே சூரியன் தொடுவானத்துக்கு மேல் நிற்பது மூன்றரை மணி நேரம்தான். இத்தகைய ஊரில் மக்கள் குளிர்காலம் முழுவதும் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்றால் நம்புவது கடினம். ஆனால் நடப்பது அதுதான். மோட்டார் வாகனச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் சைக்கிள் பாதைகள் அந்நகரில் 900 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளன. பெரிய சாலைகளை மேலே விட்டுவிட்டு அடியில் நுழைந்து போகும் சுரங்க வழிகளும் ஏராளம். பனி பெய்தால் அப்பாதைகளை முன்னுரிமை கொடுத்து வழித்துவிடுகிறார்கள். உப்பைக் கொட்டிப் பனியைக் கரைப்பதில்லை. கரைந்தால் சேறாகும், சேறு மீண்டும் உறைந்தால் கண்ணாடி போலாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே பனியை இறுக அழுத்தி, தரை போலவே ஆக்கி, வழுக்கும் இடங்களில் உடைத்த சிறு கற்களைத் தூவுகிறார்கள். அங்குள்ள மெட்சோகங்காஸ் என்னும் பள்ளிக்கு, மைனஸ் 17 டிகிரியிலும் சுமார் 1,200 மாணவர்களில் ஆயிரம் பேர் வரை சைக்கிளில் வருகிறார்கள் என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் பரவியது. குளிர்கால சைக்கிள் பயணத்துக்கென்றே ஓர் உலக மாநாட்டை முதன்முதலாக 2013-இல் கூட்டியதும் இந்த ஊர்தான்.

"ஹஜ்ரத், இங்கே ஏழு வயதுப் பிள்ளைகளும் எழுபது வயதுப் பாட்டிகளும் ஓட்டுகிறார்கள். நான் மட்டும் விற்றுவிட்டு நிற்பதா?" என்றார் என் மாணவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சைக்கிள் ஓட்டியதில் அவருக்குத் தீங்கு வரவில்லை. இறங்கி நின்றதுதான் தீங்காயிற்று.

அன்றிரவு நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். பகுதிநேர வேலை முடிந்து நகர மையத்திலிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் லின்னன்மா பகுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஐந்து கிலோமீட்டர் தொலைவு. பாதையில் உறைந்து கிடந்த ஒரு பனித்தடத்தின் விளிம்பில் பின்சக்கரம் மோதியது. சிறிது தூரம் போனதும் சக்கரம் தரையில் உராய்ந்தது. பிறகு டியூபைப் பார்த்தபோது அதில் அருகருகே இரண்டு கீறல்கள் இருந்தனவாம், பாம்பு கடித்த தடம் போல.

ஆணியோ முள்ளோ குத்தினால் ஒரு துளைதான் விழும். இரண்டு கீறல் விழுவது, காற்றுக் குறைவான டயர் எதிலாவது மோதி, டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கும்போதுதான். ஆனால் அவர் அன்று காலையில்தான் காற்றடித்திருக்கிறார்! எங்கே அடித்தார் என்று கேட்டேன். அறைக்குள்ளே, கதகதப்பில். மர்மம் அங்கேயே விளங்கிவிட்டது. மூடிய பாத்திரத்தில் உள்ள காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். 21 டிகிரி வெப்பமுள்ள அறையில் 45 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றடித்த டயரை மைனஸ் 25-க்குக் கொண்டுபோனால், ஒரு துளிக் காற்றுகூட வெளியேறாமலேயே அது சுமார் 36 பவுண்டாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு காணாமற்போகிறது. (நான் பட்டம் பெற்றது வரலாற்றில். இந்தக் கணக்கைப் போட்டுத் தந்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் இயற்பியல் ஆசிரியர். எனக்குக் கழித்தல் மட்டுமே சரியாக வரும்.)

மாணவரிடம் பஞ்சர் ஒட்டும் பெட்டி இருந்தது. பிளாஸ்டிக் லீவர்கள் இரண்டும் சிறிய கைப்பம்பும் இருந்தன. மாற்று டியூப் இல்லை. ஊரில் தாமே பஞ்சர் ஒட்டிப் பழகியவர் என்பதால், தயங்காமல் அங்கேயே சைக்கிளைக் கவிழ்த்துவிட்டார். கையுறையோடு லீவரைச் செருகினார். டயர் அசையவில்லை. பலம் கொடுத்து நெம்பினார். லீவர் 'டக்'கென்று முறிந்தது. கையுறையைக் கழற்றினார். இரண்டாவது லீவரும் விரல்களுமாகப் போராடி ஒரு பக்கத்தைக் கழற்றவே பத்து நிமிடம் ஆயிற்று. சொல்யூஷன் தடவினார், ஊதினார், காத்திருந்தார். ஒட்டு நிற்கவில்லை. இரண்டாம் முறையும் நிற்கவில்லை. அப்போதுதான் தம் வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் வலிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். அதுவரை வலித்துக்கொண்டிருந்தவை அவை.

வாசகரே, குளிரில் வலி என்பது ஒரு நல்ல காவலாளி. வலி திடீரென நின்றுபோனால் காவலாளி மயங்கி விழுந்துவிட்டான் என்று பொருள்.

ரப்பர் ஏன் இப்படிச் சண்டித்தனம் செய்கிறது? இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1830-களில் அமெரிக்காவில் ரப்பர் மீது பெரும் மோகம் இருந்தது. காலணி, கோட்டு, தபால் பை எல்லாம் ரப்பரில் செய்தார்கள். கோடையில் அவை உருகிப் பிசுபிசுத்தன; குளிர்காலத்தில் பலகை போல விறைத்தன. நிறுவனங்கள் நொடித்தன. அந்தக் குறையைப் போக்கியே தீருவேன் என்று சொத்தையெல்லாம் தொலைத்து அலைந்தவர் சார்லஸ் குட்இயர். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது கோடையையும் குளிரையும் தாங்கும் என்பதை 1839-இல் கண்டார். 1844-இல் காப்புரிமை பெற்றார். 1860-இல் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் தொடங்கியது. அவருடைய குடும்பத்துக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை.

குட்இயர் குளிரின் கொடுமையைத் தணித்தார், ஒழிக்கவில்லை. இயற்கை ரப்பர் மைனஸ் 25 டிகிரியை ஒட்டிய குளிரில் நெடுநேரம் இருந்தால் படிகத்தன்மை அடைந்து இறுகத் தொடங்குகிறது. கந்தகமூட்டிய ரப்பரில் இது மெல்ல நடக்கிறது, அவ்வளவுதான். டியூபுகள் பெரும்பாலும் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. அது குளிரில் உடைந்துவிடாது, ஆனால் சோம்பிவிடும். மடித்தால் மடித்தபடியே கிடக்கும். 1986 ஜனவரி 28-ஆம் நாள் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறி ஏழு பேர் மாண்டார்களே, அதற்குக் காரணமும் குளிரில் சோம்பிப்போன ஒரு ரப்பர் வளையந்தான். விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ஃபெய்ன்மன், பனிக்கட்டி மிதந்த ஒரு தம்ளர் தண்ணீரில் அந்த வளையத்தின் துண்டை அமுக்கிக் காட்டி அதை உலகறியச் செய்தார்.

அந்தத் தம்ளரை நினைத்துக்கொண்டு நானும் ஒரு சோதனை செய்தேன். பழைய டியூப் ஒன்று, டயர்த் துண்டு ஒன்று, சொல்யூஷன் குப்பி, ஒட்டுத்துண்டு ஆகியவற்றைப் பாலிதீன் பையில் கட்டி எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்தேன். "இறைச்சி வைக்கிற இடத்துல இதென்ன?" என்று வீட்டில் கேட்டது நியாயமான கேள்வியே. மறுநாள் எடுத்துப் பார்த்தேன். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டி எட்டுவது மைனஸ் 18 டிகிரிதான். அதற்கே டியூப் செத்த பாம்பு போலக் கிடந்தது. மடித்த மடிப்பு விரிய வெகு நேரமாயிற்று. டயர்த் துண்டை இரு கைகளாலும் வளைக்க வேண்டியிருந்தது. சொல்யூஷன் தேன் போலத் தடித்து வழிந்தது. தடவியபின் டியூபை மீண்டும் உறைபகுதியிலேயே வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் தொட்டால் ஈரம் அப்படியே இருந்தது. ஒட்டிய துண்டு விரலோடு வந்துவிட்டது. சொல்யூஷனில் உள்ள திரவம் ஆவியாகிப் போனால்தான் ஒட்டு பிடிக்கும். குளிர் அதை ஆவியாக விடுவதில்லை.

பசை உலரக் காத்திருக்கும் இந்தத் தொல்லை காற்றடைத்த டயரோடு கூடவே பிறந்தது. டன்லப் 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயரைச் செய்தபோது, அது ரிம்மோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. மறு ஆண்டு பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் மிஷ்லின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு ஒருவர் அத்தகைய டயரில் பஞ்சருடன் வந்தார். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம் பிடித்தது; பசை உலர ஓர் இரவு ஆயிற்று. அந்த எரிச்சலில் பிறந்ததே கழற்றி மாட்டக்கூடிய டயர். 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் நெடும்பந்தயத்தில் அந்த டயரோடு சார்லஸ் தெரோன் வென்றதும் அதன் புகழ் பரவிற்று. பசைக்காகக் காத்திராதே, கழற்றி மாற்று என்பதே அதன் பொருள். உறைகுளிருக்கு இன்றும் அதுதான் ஏற்றது. ஒட்டுப்போடும் வேலையை வீட்டுக்கு விட்டுவிட்டு, வழியில் டியூபை மாற்றிவிட வேண்டும்.

நம்மவர்களைவிடக் கடுங்குளிரில் சைக்கிள் ஓட்டியவர்கள் பலர் உண்டு. 1900-ஆம் ஆண்டில், அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவியபோது, கனடாவின் டாசன் நகரிலிருந்து உறைந்த யூக்கான் ஆற்றின் மீது சைக்கிளிலேயே புறப்பட்டவர்கள் இருந்தார்கள். வழி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். எட் ஜெஸ்ஸன் என்பவர் பிப்ரவரியில் புறப்பட்டு மார்ச் இறுதியில் போய்ச் சேர்ந்தார். நாய்வண்டிகளின் சறுக்குத்தடம் அமுக்கிவைத்த ஒடுக்கமான பனிக்கீற்றில்தான் அவர்கள் சக்கரம் ஓடியாக வேண்டும். விலகினால் விழ வேண்டியதுதான். மாக்ஸ் ஹிர்ஷ்பெர்க் என்னும் இளைஞருக்குக் கடைசிக் கட்டத்தில் சங்கிலி அறுந்துபோயிற்று. மாற்றுச் சங்கிலிக்கு எங்கே போவது? ஒரு கம்பை முதுகில் கட்டி, கோட்டை அதில் பாய்மரமாக விரித்து, காற்று தள்ள நோம் நகரை நோக்கி உருண்டார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த இடத்தில் நின்றவர் சிரித்திருக்க மாட்டார்.

அதே அலாஸ்காவில் 1987 முதல் பனித்தடத்தில் சைக்கிள் பந்தயங்கள் நடந்துவருகின்றன. அங்கிருந்தவர்கள் இரண்டு ரிம்களை ஒன்றாக இணைத்துப் பற்றவைத்தும், அகன்ற ரிம்களைத் தாமே செய்தும் பார்த்ததன் பயனாகவே, நான்கைந்து அங்குல அகலமுள்ள தடித்த டயர் கொண்ட சைக்கிள்கள் பின்னாளில் கடைக்கு வந்தன. அவற்றில் காற்று ஐந்தாறு பவுண்டுதான் இருக்கும். பனியில் புதையாமல் மிதந்து போகும். என் மாணவரிடம் இருப்பது அத்தகையதன்று. சாதாரண சைக்கிள், டயரில் மட்டும் சிறு சிறு ஆணிகள் பதித்திருக்கும், நுனியில் டங்ஸ்டன் கார்பைடு. பனிக்கட்டியைக் கவ்விப் பிடிக்கும் இவ்வகை டயர்களைச் செய்வதில் ஃபின்லாந்துக்காரர்கள் பேர்பெற்றவர்கள். கைப்பேசியால் நாமெல்லாம் அறிந்த நோக்கியா என்ற பெயர்கூட ஓர் ஊரின் பெயரே. அங்கே ரப்பர்க் காலணியும் சைக்கிள் டயரும் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையும், காகிதத் தொழிற்சாலையும், கேபிள் தொழிற்சாலையும் 1967-இல் ஒன்றிணைந்த நிறுவனமே பிற்பாடு கைப்பேசி செய்தது.

மாணவரின் கதைக்கு வருவோம். விரல்கள் மரத்ததும் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கைகளைச் சட்டைக்குள் விட்டு அக்குளில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். பிறகு தொங்கும் டயரோடு பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அரை கிலோமீட்டர் நடந்து, மூடும் தறுவாயில் இருந்த ஒரு பல்பொருள் அங்காடியின் வாசலுக்குள் நுழைந்தார். அந்நாட்டில் கட்டடங்களுக்கு இரட்டைக் கதவு இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு சிற்றறை. 'காற்றலமாரி' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். வெளிக்குளிர் உள்ளே பாயாமலிருக்க அந்த ஏற்பாடு. அந்தச் சிற்றறையில் அமர்ந்து, விரல்களுக்கு உயிர் வரும்வரை காத்திருந்து (அந்த வலி தேள்கடி போல இருந்தது என்றார்), பிறகு எட்டு நிமிடத்தில் ஒட்டுப்போட்டுவிட்டார். வெளியே நாற்பது நிமிடம் போராடிய அதே கைகள், அதே பெட்டி.

இங்கே ஒரு மருத்துவச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். மரத்த விரலைப் பனியால் தேய்க்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கை ஒன்று குளிர்நாடுகளில் இருந்தது. அது தவறு, தேய்த்தால் உறைந்த திசு கிழியும். நெருப்பில் காட்டுவதும் தவறு. உணர்ச்சியற்ற விரல் வெந்தாலும் தெரியாது. முதலுதவி, உடலின் சூட்டில் வைப்பதுதான். தோல் மெழுகு போல வெளுத்து, தொட்டால் கெட்டியாக இருந்தால் 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, மருத்துவரைப் பார்க்க வேண்டும். மறுபடியும் குளிரில் போய் உறையும் நிலை இருந்தால் அதுவரை இளக்கவே கூடாது. இளகி மீண்டும் உறைவது முதல் உறைவைவிடக் கொடியது. மாணவருக்கு நேர்ந்தது மேலோட்டமான பாதிப்பே. மூன்று நாளில் நிறம் திரும்பியது. தோல் மட்டும் உரிந்தது.

அவரும் நானும் அதற்குப் பிறகு நான்கைந்து இரவுகள் இதைப் பற்றியே பேசினோம். அவர் அங்குள்ளவர்களிடம் கேட்டுவந்து சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். அவற்றில் சிலவற்றை இங்கே தருகிறேன். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய நம் வீடுகள் இப்போது கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்புகின்றன, யாருக்காவது பயன்படலாம்.

மாற்று டியூபைச் சைக்கிள் பையில் வைக்காதீர்கள். சட்டைக்கும் கோட்டுக்கும் இடையே உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பம்பும் அங்கேயே இருக்கட்டும். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் மசகும் குளிரில் விறைத்தால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. ஒரே நொடியில் காற்றை நிரப்பும் கரியமிலவாயுக் குப்பிகளை நம்ப வேண்டாம். வாயு விரியும்போது தானே கடுங்குளிராகி, அதன் முனை வால்வோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கனத்த கையுறைக்குள் மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்; வேலை செய்யும்போது கனத்ததை மட்டும் கழற்றலாம். வெறுங்கையால் உலோகத்தைத் தொடக்கூடாது. இரும்பு வெப்பத்தை உறிஞ்சும் வேகம் பிளாஸ்டிக்கைவிடப் பன்மடங்கு அதிகம். கை ஈரமாக இருந்தால் ஒட்டியே விடும்.

பஞ்சர் தெரிந்தவுடன் இறங்கிக் கவிழ்க்க வேண்டாம். முதலில் சுற்றிப் பாருங்கள்: வெளிச்சமுள்ள வாசல், பேருந்து நிழற்குடை, சுரங்க வழி ஏதேனும் தென்படுகிறதா? அரை கிலோமீட்டர் நடந்தாலும் பரவாயில்லை. நடந்தால் உடம்பு சூடேறும். நின்றால்தான் வியர்வை குளிரும். காற்று வீசும் இடம் ஆகவே ஆகாது. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 30 போல உறைக்கும்.

டயரை நெம்புவதில்தான் நம் ஊர்க் கடைக்காரரின் அனுபவம் கைகொடுக்கிறது. பலத்தால் நெம்பாதீர்கள். சக்கரத்தைச் சுற்றிலும் டயரின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளுங்கள். அங்கே ரிம்மின் சுற்றளவு குறைவு என்பதால் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும். மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். புது டியூபில் இரண்டு அடி காற்று முதலிலேயே இருந்தால் அது முறுக்கிக்கொள்ளாது. டயரின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். பனித்துகள் உள்ளே தங்கினால் டியூபை அரிக்கும். மேலும், மரத்த விரலுக்குத் தெரியாத கல்லும் கம்பியும் துணியில் சிக்கும். பஞ்சர் எங்கே என்று தேடத் தண்ணீர் வேண்டாம், டியூபைக் கன்னத்தருகே கொண்டுபோனால் காற்று படும். ஐந்து நிமிடம் வேலை, இரண்டு நிமிடம் கை அக்குளில். இதில் மட்டும் யாரும் வீரம் காட்டக்கூடாது.

பின்சக்கரந்தான் பெரிய சோதனை. அந்நாட்டுச் சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். அதன் கைக்கம்பியை அவிழ்க்காமல் சக்கரம் வெளியே வராது. ஆகவே உரிய ஸ்பேனர் இல்லாமல் டியூப் மட்டும் இருந்து பயனில்லை. வளையமாக இல்லாமல், இரு முனையும் மூடி நீளமாக இருக்கும் ஒருவகை டியூப் ஐரோப்பாவில் கிடைக்கிறதாம். சக்கரத்தைக் கழற்றாமலே உள்ளே சுற்றிவிடலாம். நம் கடைக்காரர்கள் பார்த்தால் மெச்சுவார்கள்.

இவையெல்லாம் தெரிந்த பிறகு அந்தத் தாயாரிடம் நான் மீண்டும் பேச வேண்டியிருந்தது. சொன்ன சொல்லை மாற்றுவது எனக்குச் சங்கடமாக இருந்தது. "சகோதரி, விற்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்" என்றேன். நெடுநேரம் மௌனம். பிறகு, "நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு நெனைக்கல ஹஜ்ரத்" என்றார். அவருக்கு வருத்தமே. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு மாதம் வரை அவர் என்னிடம் பேசவில்லை.

மாணவர் தம் அறையில், விளக்கை அணைத்துவிட்டு, கம்பளிக் கையுறையோடு பின்சக்கரத்தை மாற்றிப் பழகினார். முதல் நாள் 31 நிமிடம் ஆயிற்று. பிப்ரவரி இறுதியில் அது 12 நிமிடமாகக் குறைந்தது. மார்ச்சில், பனி உருகத் தொடங்கித் தூவிய கற்களின் கூர்முனைகள் வெளியே தெரியும் பருவத்தில், மறுபடியும் பஞ்சராயிற்று. மைனஸ் 9 டிகிரி. ஒரு சுரங்க வழியின் உள்ளே நின்று மாற்றினார். வீட்டுக்கு வந்ததும் தாயாருக்குப் பத்து விரல்களையும் விரித்துப் படமெடுத்து அனுப்பினார். விரல்கள் கறுப்பாக இருந்தன; அது சங்கிலி மசகு என்று கீழே எழுதியிருந்தார்.

அன்றிரவு அந்தத் தாயார் எனக்குப் பேசினார். "புள்ள பத்திரமா வந்துட்டான் ஹஜ்ரத். அந்த டியூபு இப்ப போட்டாச்சுல்ல, வேற ஒண்ணு வாங்கிச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டானான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். நான் கேட்டேன். கடை மறுநாள் பத்து மணிக்குத்தான் திறக்குமாம்.